குப்பை பொறுக்கினது போதும், அறிக்கையைப் படிங்க

ஜூன் 5 வந்தால் நம்ம காலேஜில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு ரெண்டு பஸ். பச்சை டி-ஷர்ட், ரப்பர் கையுறை, முன்னால் பிடிக்க ஒரு பேனர். கடற்கரையில் ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் பொறுக்கல், குரூப் போட்டோ, பொங்கல் வடை, சர்டிபிகேட். மதியம் லேபுக்கு ஓ.டி.

இதை நான் கிண்டல் பண்ணவில்லை. மூணு வருஷமாக அந்த பஸ்ஸில் நானும் போகிறேன், கடற்கரையும் அன்றைக்கு ஒரு நாள் சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணூர் பக்கம் ஒரு சின்ன சுற்றுச்சூழல் குழுவோடு ரெண்டு வருஷம் வேலை செய்த பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. ஒரு உள்ளூர்க் குழுவுக்கு நம்மிடம் இருக்கிற கையும் காலும் பெரிசாகத் தேவைப்படவில்லை. அது அவங்களுக்கே இருக்கு. நம்ம படிப்புதான் தேவைப்படுகிறது. அதைத்தான் நாம் கொடுப்பதே இல்லை.

அந்தக் குழுவில் பாதிப்பேர் ஆற்றில் வலை போடுகிறவர்கள். மீதிப்பேரில் ஒரு டியூஷன் டீச்சர், ஒரு ரிட்டயர்டு ரயில்வே ஊழியர், ஒரு டெய்லர். முதல் தடவை நாங்கள் அஞ்சு பேர் போனபோது, "எத்தனை பேரை அழைச்சுட்டு வரணும்ணா?" என்று கேட்டோம். பெரியவர் ஒருத்தர் மேஜை மேலே கிடந்த தடித்த ஜெராக்ஸ் கட்டைக் காட்டி, "ஆளுங்கோ நாங்களே கீறோம் தம்பி. இந்த புக்குல இன்னா போட்டுக்கீதுன்னு யாராச்சும் படிச்சு சொல்லுங்க, போதும்" என்றார். அந்தக் கட்டு, பக்கத்தில் வரப்போகிற ஒரு திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. சுருக்கமாக இஐஏ. முழுக்க இங்கிலீஷ். அவருக்கு இருந்த கால அவகாசம் முப்பது நாள், அதில் ஒன்பது நாள் ஏற்கனவே போயிருந்தது.

இந்த முப்பது நாள் விஷயம் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கணும். துறைமுகம், அனல் மின் நிலையம், சுரங்கம் மாதிரி பெரிய திட்டங்களுக்கு மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். நடத்துவது மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். தலைமை கலெக்டர், அல்லது அவர் சார்பில் ஒரு மூத்த அதிகாரி. ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு உள்ளூர்மொழி நாளிதழிலும் விளம்பரம் வரணும், குறைந்தது முப்பது நாள் அவகாசம் கொடுக்கணும். வரைவு அறிக்கையின் பிரதி கலெக்டர் ஆபீஸ், மாவட்டத் தொழில் மையம், வாரிய அலுவலகம் மாதிரி இடங்களில் இருக்கும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சுருக்கத்தை மட்டும் தமிழிலும் கொடுப்பார்கள். அசல் அறிக்கை சில நூறு பக்கம் இருந்தால் சுருக்கம் சில பத்துப் பக்கம்தான். சிக்கலான இடம் எந்தச் சில நூறில் இருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம்.

கூட்டத்தைப் பற்றி நிறையப் பேருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு. அங்கே ஓட்டெடுப்பு நடக்கும், கை தூக்கினவங்க அதிகமாக இருந்தால் திட்டம் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்குகூடக் கிடையாது. கலெக்டருக்கு அங்கே அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரம் இல்லை. நடப்பதெல்லாம் பதிவாகிறது, வீடியோவும் எடுக்கிறார்கள். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்ப வேண்டும். எங்கேயோ ஒரு நிபுணர் குழு அதைப் படித்துத்தான் முடிவு சொல்லும். மக்கள் எழுப்பின முக்கியமான சுற்றுச்சூழல் கேள்விகளுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் வைக்க வேண்டும்.

அதனால் நீங்கள் மைக்கில் என்ன சொல்கிறீர்கள் என்பதை விட, அது காகிதத்தில் எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். "எங்க ஆத்தை நாசம் பண்ணாதீங்க" என்று ஒருத்தர் நெஞ்சு வெடிக்கக் கத்தினால், குறிப்பில் அது "திட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று ஒரு வரியாகச் சுருங்கிவிடும். அதே ஆள், "இத்தனையாவது பக்கத்துல ஆத்தோட ஆழம் அளந்ததா போட்டிருக்கீங்க, அளந்தது கோடைக்காலத்துல மட்டும்தான், ஐப்பசி கார்த்திகை வெள்ளத்துல தண்ணி எந்தப் பக்கம் திரும்பும்னு கணக்கு எங்கே?" என்று கேட்டால், அதற்கு யாராவது பதில் எழுதியே ஆகணும். கோபம் ரெண்டிலும் ஒன்றுதான். ரெண்டாவதுக்கு மட்டும் யாரோ ஒருத்தர் ராத்திரி உட்கார்ந்து அறிக்கையைப் படித்திருக்க வேண்டும். அந்த யாரோ ஒருத்தர் ஏன் நாமாக இருக்கக்கூடாது?

அறிக்கை எழுதுகிறவர்கள் பெரிய படிப்பாளிகள், நமக்கு என்ன தெரியும் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நிஜக்கதை. மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்காகத் தயாரித்த இஐஏ அறிக்கையில், அந்தப் பகுதிப் பறவைகள் ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக்காடுகளில் வாழ்வதாக எழுதியிருந்தது. மாமரமும் முந்திரியும் இருக்கிற கொங்கண் கரையில் பனிநாட்டு மரங்கள்! ரஷ்யாவில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் இருந்து பத்தி பத்தியாக எடுத்து ஒட்டியிருந்தார்கள். சீனியர் ரெக்கார்டு நோட்டை அப்படியே பார்த்து எழுதி, அவன் ரோல் நம்பரையும் சேர்த்து எழுதி மாட்டுகிற நம்ம வகுப்பு கேஸ்தான் இது. தயாரித்தது கைகால் தெரியாத நிறுவனம் ஒன்றும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க பி.எச்டி. தேவைப்படவில்லை, பொறுமையாகப் படிக்கிற கண் தேவைப்பட்டது.

நம்மிடம் அந்தக் கண் இருக்கிறது, பழக்கவில்லை, அவ்வளவுதான். சிவில்காரனுக்கு ஹைட்ராலஜி தெரியும், வெள்ள மட்டம் எந்த வருஷத்து மழையை வைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். மெக்கானிக்கலும் கெமிக்கலும் புகைபோக்கியின் உயரம், காற்றின் திசை, புகை எங்கே போய் இறங்கும் என்ற கணக்கைச் சரிபார்க்கலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் ஆள்களுக்கு வரைபடம் இருக்கு. எண்ணூரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருக்கிறது. பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கின இன்னொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை. ஆறு இருக்கும் இடத்தில் ஆறு இல்லை! 2017-ல் இது வெளியே வந்து பெரிய விவகாரமானது. ரெண்டு வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது ஒரு மினி பிராஜெக்ட்கூட இல்லை, ஒரு சாயங்கால வேலை. நாம் அந்த மென்பொருளை லேப் எக்ஸாமுக்கு மட்டும் திறந்து மூடுகிறோம். இவிஎஸ் பேப்பரையும் அப்படித்தான், முந்தின நாள் ராத்திரி படித்து மறுநாள் மதியம் மறந்துவிடுகிறோம்.

2020-ல் இந்த 2006 விதிகளை மாற்ற ஒரு வரைவு வந்தது நினைவிருக்கும். முப்பது நாளை இருபது ஆக்கலாம் என்பது அதில் ஒரு அம்சம். அந்த வரைவுக்கே மற்ற மொழிகளில் மொழிபெயர்ப்பு இல்லாமல், எட்டாவது அட்டவணை மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. லாக்டவுன் சமயத்தில் அங்கங்கே தன்னார்வலர்களே உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பரப்பினார்கள். போட்டோ இல்லாத, சர்டிபிகேட் இல்லாத தொண்டு. என் கணக்கில் அந்த வருஷத்து மிகப் பெரிய தொண்டு அதுதான்.

சரி, படிச்சாச்சு. யார் பேசுவது? இங்கேதான் எனக்கும் என் நண்பர்கள் சிலருக்கும் சண்டை.

"குரலற்றவர்களின் குரல்" என்று நம்ம ஆட்கள் இன்ஸ்டாவில் போடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. குப்பத்தில் ஒரு நாள் மீன் ஏலம் நடக்கும்போது போய் நின்று பாருங்கள், குரல் யாருக்கு இல்லை என்று தெரியும். அவர்களுக்குக் குரல் இருக்கிறது. அதைக் கேட்கிற இடத்தில் நாற்காலி இல்லை, கேட்கிறவனுக்குப் புரிகிற மொழியில் காகிதம் இல்லை. அந்தக் காகிதத்தைத் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டு நாம் கொஞ்சம் ஓரமாக நிற்கலாம்.

'காக்கா ஆழி' என்று ஒன்று எண்ணூரில் பேச்சாக இருந்தது. தென் அமெரிக்கப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு சிப்பி வகை. கப்பல்கள் எடை சமநிலைக்கு நிரப்பிவந்து இங்கே கொட்டுகிற தண்ணீரோடு வந்திருக்கலாம் என்று சொல்கிறார்கள். ஆற்றின் அடியில் கம்பளம் விரித்த மாதிரி படர்ந்து, கீழே இருக்கிற மஞ்ச மட்டியை மூச்சடைத்துக் கொல்லும். இறால் அடியில் பதுங்க இடம் இருக்காது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் மக்களுக்குக் காலைக் கிழிக்கும். இதை முதலில் கவனித்தது எந்த லேபும் இல்லை, தண்ணீரில் நிற்கிறவர்கள்தான். பேரும் அவர்கள் வைத்ததுதான். விஞ்ஞானப் பெயர் பிறகு வந்தது, பசுமைத் தீர்ப்பாயம் அதற்கும் பிறகு. மேடையில் போய் நான் இதைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினால் என் பேச்சு நன்றாக இருக்கலாம். "போன மாசம் இந்த எடத்துல மட்டி எடுத்தேன், இந்த மாசம் இதுதான் வருது" என்று ஒரு அம்மா கையில் எடுத்துக் காட்டினால் அது சாட்சி. ரெண்டும் ஒன்றாகாது.

கொடைக்கானல் பாதரச விவகாரத்தைப் பாருங்கள். நம்மில் பலருக்கு அது 2015-ல் வந்த ராப் பாட்டு வழியாகத்தான் தெரியும். நல்ல பாட்டு, உலகமே பார்த்தது. ஆனால் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடப்பதை வெளிக்கொண்டு வந்தது 2001-ல் உள்ளூர் மக்கள். தொழிற்சாலை மூடியதும் அப்போதுதான். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016 மார்ச்சில். நடுவில் பதினைந்து வருஷம் மனு எழுதினவர்கள், மருத்துவச் சீட்டைக் கோப்பு போட்டு வைத்தவர்கள், தேதி தேதியாக நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பாட்டுக்கு பலம் வந்ததே அந்தக் கோப்பில் இருந்துதான் என்று நினைக்கிறேன். நமக்குப் பாட்டு எழுத ஆசை இருக்கிறது, கோப்பு போட ஆள் இல்லை.

இதற்காக மாணவர்கள் மைக் பக்கமே போகக்கூடாது என்று சொல்லவில்லை. கணக்கு சம்பந்தமான கேள்வியை நாம் கேட்பதுதான் சரி. ஆனால் ஒரு குழுவின் பேரைச் சொல்லிப் பேசும்போது நம்ம வாய் நம்ம சொத்து இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு சீனியர், வேறொரு மாவட்டத்தில் ஒரு கூட்டத்தில் பேசினார். நல்ல பேச்சாளர், கல்ச்சுரல்ஸில் கப் வாங்கினவர். அறிக்கையில் ஒரு வருஷத்துக்கு என்று போட்டிருந்த புகை அளவை ஒரு நாளைக்கு என்று சொல்லிவிட்டார். கைதட்டல் விழுந்தது. அடுத்த நிமிஷம் கன்சல்டன்ட் எழுந்து, ஸ்லைடைத் திறந்து, அந்த வரியைப் பெரிதாக்கிக் காட்டினார். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்பாகிறது என்று பேசின பெண்களுக்கும், வயலில் சாம்பல் படிகிறது என்று சொன்னவருக்கும் ஒரே பதில்: "உங்களுக்குத் தவறான தகவல் கொடுத்திருக்காங்க." சீனியர் அன்று ராத்திரி பஸ் ஏறிவிட்டார். அந்தப் பெண்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள், இனி அடுத்த கூட்டத்துக்கும் அவர்கள்தான் போகணும்.

அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பேச வேண்டிய எதையும் முந்தின நாளே குப்பத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டணும். பக்க எண் இல்லாத எண் எதுவும் மைக்குக்குப் போகாது. "இது நமக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்கிற வரியை வெட்டிவிடுவோம், எவ்வளவு அழகான வரியாக இருந்தாலும். வாசிக்கிற நேரத்தில்தான் நிஜமான திருத்தங்கள் வரும். "முகத்துவாரம் அடைச்சுக்கும்னு எழுதிக்கீற, எந்த மாசம்னு போடு" என்பார் ஒருத்தர். எந்த மாசம் என்பது எந்த அறிக்கையிலும் இருக்காது.

இப்போ எல்லாரும் மனசுக்குள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். பிளேஸ்மென்ட். "நீ எதிர்த்துப் பேசற கம்பெனியோ அதோட தங்கச்சி கம்பெனியோதான்டா நாளைக்கு கேம்பஸுக்கு வரும்" என்று என் ரூம்மேட் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. வீடியோ எடுக்கிறார்கள் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். எஜுகேஷன் லோன், வீட்டில் ஒரே சம்பாத்தியம், தங்கை படிப்பு என்று இருக்கிறவனைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அப்பா அம்மாவின் பயமும் வேற மாதிரி. "தூத்துக்குடியில என்ன ஆச்சுன்னு பார்த்தல்ல?" என்பார்கள். 2018 மே மாதம் அங்கே துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் செத்ததை டிவியில் பார்த்த தலைமுறை அது. அவர்களிடம் தைரியம் பற்றி லெக்சர் அடிக்க எனக்கு வாய் வராது.

ஆனால் இந்தப் பயம் மைக்கைப் பற்றியது. படிப்பதற்கு, மொழிபெயர்ப்பதற்கு, எண்ணைச் சரிபார்ப்பதற்கு, வரைபடம் போடுவதற்கு யாரும் பேர் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்துமூலமாக மனு அனுப்புகிறவர் குழுவின் செயலாளர், பின்னால் இருக்கிற எட்டுப் பேர் பின்னாலேயே இருக்கலாம். எங்கள் குழுவில் பேசினவர்கள் ரெண்டு பேர், படித்தவர்கள் ஒன்பது. நான் அந்த ஒன்பதில் ஒருத்தன், மைக் பக்கம் இன்னும் போகவில்லை. பயம் ஒரு காரணம்தான் என்பதை மறைக்கவில்லை.

இன்னொரு கேள்வி, கொஞ்சம் கிண்டலாக வரும்: "ஹாஸ்டல் ஃபேன் எந்தக் கரண்ட்டுல ஓடுது?" நியாயமான கேள்வி. வடசென்னையில் எரிகிற நிலக்கரியில்தான் நம்ம ஃபேன் சுத்துகிறது, இந்தக் கட்டுரை டைப் பண்ணின லேப்டாப்பும் அதில்தான் ஓடுகிறது. அதனாலேயே அந்த சாம்பல் யார் ஆற்றில் விழுகிறது என்று கேட்கிற கடமை எனக்கு அதிகம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். சாம்பல் குழாய் ஒழுகாமல் பார்த்துக்கொள், சாம்பலை முழுக்கப் பயன்படுத்து என்று கேட்பது மின்சாரத்துக்கு எதிர்ப்பு இல்லை. நூறு சதவீதம் பயன்படுத்த வேண்டும் என்பது அரசாங்கமே போட்ட விதி. எந்தத் திட்டத்தையும் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற குழுவாக இருந்தால் நான் ரெண்டாவது வாரமே கழன்றிருப்பேன். இவர்கள் கேட்பது எல்லாம் நம்ம டிசைன் ரிவ்யூவில் சார் கேட்பதுதான்: எந்த டேட்டா, எப்போ எடுத்தது, அசம்பாவிதம் ஆனா என்ன பண்ணுவே?

அந்தக் கடைசிக் கேள்வி வெறும் பேச்சு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் முழுக்கக் கறுப்பாகப் படிந்தது. மீனவர்கள் படகில் போய் பக்கெட்டாலும் மக்காலும் அள்ளினார்கள். எண்ணெய்க் கசிவுக்கு என்ன ஏற்பாடு என்று காகிதத்தில் எழுதுவதற்கும், அந்த நாளில் அது கரையில் இருப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குப் பார்த்தோம். அந்த மாதமே, 26-ந் தேதி நள்ளிரவில், அம்மோனியா வாயுக் கசிவு. பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். ஜூன் 5 அன்று பஸ்ஸில் போகிற நமக்கு அந்த டிசம்பரில் செமஸ்டர் எக்ஸாம்.

கூட்டங்கள் சொன்ன தேதியில் நடக்கும் என்றும் இல்லை. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரி 22-ல் அறிவித்த கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-க்கு மறுபடி அறிவித்ததும் நடக்கவில்லை. மறுபடி அறிவிப்பு வந்தால் மறுபடி முப்பது நாள்தான். அதற்குள் படித்து முடிக்கிற வேகம் முன்கூட்டியே பழகியிருந்தால்தான் வரும். அதனால் நாங்கள் இப்போது பழைய அறிக்கைகளை எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறோம். தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில மூலத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, எது விட்டுப்போயிருக்கிறது என்று பென்சிலால் குறிக்கிற வேலை. 'குடியிருப்பு இல்லை' என்று போட்ட இடத்தில் கூகுள் வரைபடத்தில் கூரை தெரிகிறதா என்று பார்க்கிற வேலை. கொஞ்சம் போரடிக்கும். டீ உண்டு.

சனிக்கிழமை மதியம் ரெண்டு மணி, லைப்ரரி மாடியில், பழைய ஜர்னல் வைத்திருக்கிற பக்கம். சிவில் மூணு பேர், சி.எஸ். நாலு பேர், மெக் ஒருத்தர், இ.சி.இ. ஒருத்தர் இருக்கிறோம். கெமிக்கலில் ஒருத்தர்கூட இல்லை. அம்மோனியா பகுதியைப் பத்து நாளாக யாரும் தொடாமல் வைத்திருக்கிறோம்.